கறுப்புத் தாள் ஆல்பமும் ஒற்றைக் கோப்பும்

அந்தக் காலத்து ஆல்பம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். கெட்டியான கறுப்புத் தாள், தாளுக்குத் தாள் நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய வெண்தாள், மூலைகளில் ஒட்டிய சின்ன முக்கோணங்களுக்குள் செருகிய கறுப்பு வெள்ளைப் படங்கள். 1961இல் தொடங்கிய ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, அக்ஃபா க்ளிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான் என்பதால், சேக்காடு ஏரிக்கரையில் எங்களை வரிசையாக நிறுத்தி, வெயில் முகத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் பொத்தானை அமுக்குவார். அந்தக் காத்திருப்பின் சுகம், ஒரே நிமிடத்தில் நாற்பது படம் எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பிப் பார்க்காத இன்றைய கைப்பேசிக்கு எப்படித் தெரியும்?

ஆல்பத்தில் ஒட்டாத படங்களும் உண்டு. கடைத்தெரு ஸ்டுடியோவில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்டால் நெகட்டிவ் ஸ்டுடியோவிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பிரதியும் உறைமேல் எழுதிய எண்ணும். ஊரிலிருந்து மாமா கேட்டால் அந்த எண்ணைச் சொல்லி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். உறையைப் பத்திரமாக வைத்திருந்தார் அம்மா. ஸ்டுடியோ மூடிய பிறகும் உறை இருந்தது, எண்ணும் இருந்தது; கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் குடும்பக் கதையை நான் இப்போது எழுதி வைப்பது டிட்லிவிக்கியில். ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட அந்த மென்பொருளில் முழு விக்கியும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, பென்டிரைவில் போட்டுப் பேத்தியிடம் கொடுத்துவிடலாம். படம் என்று வந்ததும் பழைய கேள்வியே திரும்ப வருகிறது. கோப்புக்குள்ளேயே படத்தைப் பதித்துவிடுவதா, அல்லது படம் வேறோர் இடத்தில் இருக்க அதன் முகவரியை மட்டும் எழுதுவதா?

பதித்தால் படம் விக்கியை விட்டுப் பிரியாது. ஆனால் படத்தை எழுத்துகளாக மாற்றிப் பதிக்கும் பேஸ்64 முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, மூன்று எம்.பி. படம் நான்கு எம்.பி. ஆகிவிடும். ஒரு வரியைத் திருத்திச் சேமித்தாலும் முழுக் கோப்பையும் புதிதாக எழுதவேண்டும் என்பதால், கல்யாண ஆல்பம் மொத்தத்தையும் உள்ளே தள்ளினால் விக்கி மூச்சு வாங்கும். 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் உலகமே அடங்கும் என்று வியந்த இளைஞன் இந்தக் கணக்கை நம்பியிருக்க மாட்டான்.

இணைப்பு கொடுத்தால் கோப்பு இலகுவாகும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அப்படித்தான் வாழ்கிறது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் ஒரு படம் இருந்தால் எத்தனையோ மொழிக் கட்டுரைகள் அதையே எடுத்துக் காட்டும். அங்கே காவலுக்கு ஓர் அறக்கட்டளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். நம் வீட்டு விக்கிக்குக் காவல் நாம் ஒருவர்தான். இலவசத் தளம் ஒன்றை நம்பி முகவரி எழுதினால், அது கடையைக் கட்டிய நாளில் நம் கையில் மிஞ்சுவது அம்மாவின் உறைதான்.

ஆகவே என் வழி இது. தாத்தா, பாட்டி, பழைய வீடு, ஏரிக்கரை என்று, இல்லாமல் போனால் கதையே நிற்காத படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி உள்ளேயே பதித்துவிடுகிறேன்; இருநூறு முந்நூறு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. பெரிய மூலப்படங்களை விக்கி இருக்கும் இடத்திலேயே ‘படங்கள்’ என்ற கோப்புறையில் வைத்து இணைக்கிறேன். அந்த முகவரி டி டிரைவ் என்று தொடங்கக் கூடாது. கோப்புறையின் பெயரும் படத்தின் பெயரும் மட்டும் இருந்தால் எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் படம் தெரியும். படத்தின் பின்பக்கம் அம்மா பென்சிலில் எழுதிய பெயர்களையும் ஸ்கேன் செய்துவிடுகிறேன். அந்தக் கையெழுத்தின் அருகிலேயே முழுக் கதையையும் எழுத இடம் கிடைத்திருப்பதற்காக, இந்தப் புதிய காலத்தின் மற்ற அவசரங்களை எல்லாம் மன்னிக்கலாம்.

உங்கள் வீட்டு ஆல்பம் பரணில்தான் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அதை இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.