வ.எண்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

தமிழ்நாட்டில் அச்சாகும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் இடது ஓரத்தில், மற்றக் கட்டங்களின் கால்வாசி அகலத்தில், ‘வ.எண்’ என்றொரு கட்டம் ஒண்டிக்கொண்டிருக்கும். பெயர், தந்தை பெயர், கதவு எண், தொகை என்று மற்றக் கட்டங்களில் உள்ளதையெல்லாம் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். கீழே கையெழுத்தும் போட்டிருப்பார். வ.எண்ணை மட்டும் யாரும் சொல்லவில்லை, எந்தப் படிவத்திலும் நிரப்பவில்லை. ஆனாலும் முதலில் அச்சாவது அதுதான். பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவதும் அதுதான்: “அந்தப் பதினாலாம் நம்பர் பார்ட்டி என்ன ஆச்சு?” பிறந்த ஊரும் பெற்றவரும் இல்லாத ஒரு தகவலுக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்பதே நம் ஆய்வு வினா.

களமாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டன. காரணம் இரண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்காரரும் டேட்டாபேஸ்காரரும் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள்; வ.எண் குறித்த இரு தரப்பு வாக்குமூலமும் ஒரே கிளாஸ் டீயில் கிடைத்துவிடும். மற்றொன்று, ஆய்வாளரின் வீடு அந்தப் பக்கம். இரண்டாவதே வலுவான காரணம் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவுசெய்கிறோம்.

டேட்டாபேஸ்காரர் தரப்பு வாக்குமூலம் சுருக்கமானது. நாலைந்து டேபிள்களை இணைத்து, பைசா பிசகாமல் ரிப்போர்ட் எடுத்து நீட்டினால், மேலாளர் பார்த்த மாத்திரத்தில் கேட்பது: “எல்லாம் சரிப்பா, சீரியல் நம்பர் எங்க?” தொகை சரியா என்று பார்ப்பது அதற்குப் பிறகு. பார்க்காத மேலாளர்களும் உண்டு.

2. முன் பின் இல்லாத சமுதாயம்

ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் இருந்த எட்கர் கோட் 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைய ஆரக்கிள் முதல் மைஎஸ்க்யூஎல் வரையிலான டேட்டாபேஸ்களுக்கெல்லாம் அதுவே மூலநூல். அதில் அவர் வகுத்த இலக்கணங்களில் ஒன்று, டேபிளின் வரிகளுக்குள் முன் பின் கிடையாது என்பது. எந்த வரியை எங்கே மாற்றி வைத்தாலும் டேபிள் அதேதான்.

இக்கருத்தின் ஊற்றுக்கண் ஆவடி என்பது நம் துணிபு. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. மேல் கீழ் வேண்டாம் என்று ஆவடி சொன்ன பதினைந்தாம் ஆண்டில், முன் பின் வேண்டாம் என்று கலிபோர்னியா சொல்கிறது. கோட் ஆவடிக்கு வந்ததற்குச் சான்று கேட்பவர்கள் ஒப்பியல் ஆய்வின் சுதந்திரங்களை அறியாதவர்கள். தவிரவும், இரண்டு கொள்கைகளும் நடைமுறைக்கு வந்ததும் ஒரே கதியை அடைந்தன: “எல்லாரும் சமம், சரி. இதுல ஃபர்ஸ்ட் யாரு?” என்று கேட்க ஆள் வந்துவிட்டார்.

கோட் வழிவந்த டேட்டாபேஸ், ஆர்டர் பை என்று எதையும் சொல்லாமல் கேட்டால் தனக்குத் தோதான வரிசையில் வரிகளைக் கொட்டும். நேற்று வந்த வரிசையிலேயே இன்றும் வந்தால் அது அதன் பெருந்தன்மை. யாரோ ஒரு இண்டெக்ஸைச் சேர்த்த மறுநாள் மாறிப்போகும். இப்படிப்பட்ட பிறவியிடம் போய் எண் கேட்ட வரலாறு துயரமானது.

ஆரக்கிளில் ‘ரோநம்’ என்றொரு போலிக் கட்டம் வெகுகாலமாக உண்டு. வரிகள் தேறி வர வர 1, 2, 3 என்று முத்திரை குத்தும். ‘ரோநம் 2 ஆக இருக்கும் வரியை மட்டும் கொடு’ என்றால், கோடி வரி உள்ள டேபிளிலிருந்தும் ஒன்றும் வராது. ரேஷன் கடைக்காரர் ஒருவர் ‘வரிசையில் இரண்டாவதாக நிற்பவருக்கு மட்டுமே சர்க்கரை’ என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்? முதலில் நிற்பவரைப் போகச் சொல்வார். பின்னால் நின்றவர் நகர்ந்து முதலாவது ஆவார். அவரையும் போகச் சொல்வார். சாயங்காலம் வரிசை தீர்ந்திருக்கும், சர்க்கரை மூட்டை பிரிக்காமல் இருக்கும். ரோநம்மின் இரண்டாவது குணம், முத்திரை குத்திய பிறகே வரிசைப்படுத்துவது. பெயர்வாரியாகக் கேட்டால் பெயர்கள் அகரவரிசையில் ஒழுங்காக நிற்க, பக்கத்தில் எண்கள் 7, 2, 19 என்று சிதறிக் கிடக்கும். முதலில் வரிசைப்படுத்தி, அதை அடைப்புக்குள் பூட்டி, வெளியே நின்று எண் கொடுப்பதே பரிகாரம். மைஎஸ்க்யூஎல்காரர்கள் ‘@எண் := @எண் + 1’ என்று ஒரு மாறியைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி ஒன்று கூட்டி எண்ணினார்கள்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 2003ஆம் ஆண்டுத் தரநிலையில் ரோ_நம்பர் என்ற முறையான ஏற்பாடு இடம்பெற்றது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் அதை 2005இல் ஏற்றது, போஸ்ட்கிரெஸ் 2009இல், மைஎஸ்க்யூஎல் 2018இல், ஆற அமர. இதன் சிறப்பு, எண்ணைக் கேட்பவரிடமே ‘எதன்படி?’ என்று திருப்பிக் கேட்கும் இடம் அதன் அடைப்புக்குறிக்குள் இருப்பது. பெயர்ப்படி எண்ணினால் ஒன்று, தொகைப்படி எண்ணினால் வேறொன்று. எண் வரிக்குச் சொந்தமில்லை, கேட்ட கேள்விக்குச் சொந்தம். இதுதான் நம் ஆய்வின் முடிவு, நடுவிலேயே சொல்லிவிட்டோம்.

2. 1908இல் பார்ட்டிஷன் பை

இந்த இயலின் எண்ணும் 2 தான், அச்சுப்பிழை அல்ல. மேலுள்ள இயலும் இதுவும் மதிப்பில் சமம் என்பதால் ரேங்க் முறைப்படி இரண்டுக்கும் 2, அடுத்ததற்கு 4. மூன்றாம் இயலைத் தேட வேண்டாம். டென்ஸ்_ரேங்க் மரபினர் அடுத்ததை 3 என்று வாசித்துக்கொள்ள ஆட்சேபமில்லை.

ரோ_நம்பரில் ‘பார்ட்டிஷன் பை’ என்று ஒரு வசதி உண்டு. ஆண்டுவாரியாகப் பிரி என்றால், ஒவ்வோர் ஆண்டுக்கும் எண் மறுபடி 1இலிருந்து தொடங்கும். இதை 2003இன் புதுமை என்று பாடம் நடத்துகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று சார்பதிவாளர் அலுவலகங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகளுக்குத் தொடர் எண் இட வேண்டும். தொடர் ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடிய வேண்டும். புத்தாண்டில் புதுத் தொடர். அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு 1ஆம் புத்தகம், உயில்களுக்கு 3ஆம் புத்தகம் என்று புத்தகங்களையும் 51ஆம் பிரிவு முன்பே பிரித்து வைத்துவிட்டது. ஆக: ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை அலுவலகம், புத்தகம், ஆண்டு ஆர்டர் பை பதிவு). இதைச் சட்டமாக்கியபோது கோட் பிறந்திருக்கவில்லை. தரநிலைக் குழுவுக்கு விஷயம் போய்ச் சேர 95 ஆண்டு ஆகியிருக்கிறது.

4512/1998 என்று ஓர் ஆவண எண்ணை மட்டும் சொன்னால் பத்திர எழுத்தர் “எந்த எஸ்ஆர்ஓ?” என்று கேட்பது இதனால்தான். அதே எண், அதே ஆண்டு, ஆவடியிலும் இருக்கலாம், பூந்தமல்லியிலும் இருக்கலாம். பார்ட்டிஷனைச் சொல்லாத எண் பாதி எண் என்பது அவருக்குத் தெரியும். அவர் எஸ்க்யூஎல் படித்ததில்லை.

இனி வில்லங்கச் சான்று. வட்டார வழக்கில் ஈசி. சர்வே எண், உட்பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கொடுத்தால் வருவது. இதைவிடச் சுத்தமான கொயரி ரிசல்ட்டை எந்தக் கம்பெனியிலும் காண்பது அரிது. முதல் கட்டம் வ.எண். அடுத்து ஆவண எண்ணும் ஆண்டும். பிறகு எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள் என்று மூன்று தேதிகள். பிறகு தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இத்யாதி.

எடுத்துக்காட்டாக, திருமுல்லைவாயிலில் ஒரு மனை. 1989இல் ஒரு கிரயம், 1998இல் இன்னொரு கிரயம், 2006இல் அடமானம், 2014இல் அடமானம் தீர்ந்த ரசீது. 1987 முதல் ஈசி போட்டவர் கையில் நான்கு வரிகள். 2000 முதல் போட்டவர் கையில் இரண்டு. இருவரும் போனில்:

“மூணாம் நம்பர்ல ஒரு அடமானம் இருக்கே, கவனிச்சீங்களா சார்?”

“என் ஈசியில மூணாம் நம்பரே இல்லையே! ரெண்டோட முடியுது.”

“அப்ப உங்களுக்கு யாரோ பக்கத்த எடுத்துட்டுக் குடுத்திருக்காங்க.”

இருவர் சொல்வதும் உண்மை. அதே அடமானம் ஒருவரிடம் 3, மற்றவரிடம் 1. ஆவண எண்ணைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். வ.எண் சின்னதாக இருப்பதால் வாய்க்கு வசதி, வம்புக்கும் வசதி.

ஆவண எண்ணையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், சட்டம் அதற்கும் ஒரு குறும்பு வைத்திருக்கிறது. எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம் என்பது 23ஆம் பிரிவு. பதிவான பத்திரம் செயல்படத் தொடங்குவது பதிவு நாளிலிருந்து அல்ல, பதிவே தேவைப்படாதிருந்தால் எப்போது தொடங்கியிருக்குமோ அப்போதிருந்து என்பது 47ஆம் பிரிவு. ஒரே மனையை ஒருவர் மார்ச்சில் ஒருவருக்கும் ஏப்ரலில் இன்னொருவருக்கும் எழுதிக்கொடுக்கிறார் என்று வையுங்கள். ஏப்ரல்காரர் அன்றைக்கே பதிவு செய்கிறார். மார்ச்காரர் ஜூனில் போய்ச் செய்கிறார். சிறிய எண் ஏப்ரல்காரருக்கு. அவர் தெம்பாக காம்பவுண்டு சுவர் எழுப்புவார். ஆனால் முந்தியது மார்ச் பத்திரம். எண்ணின் ஆர்டர் பை ஒரு கட்டத்தில் இருக்கிறது, உரிமையின் ஆர்டர் பை இன்னொரு கட்டத்தில். இந்த இரண்டு கட்டங்களுக்கும் இடையில் பல வழக்கறிஞர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்.

4. ஊர்களுக்கு இட்ட எண்

சட்டமன்றத் தொகுதிகளுக்கும் 1 முதல் 234 வரை வ.எண் உண்டு. 2006 தேர்தல் வரை ராயபுரம் 1, கும்மிடிப்பூண்டி 15. 2008 மறுவரையறைக்குப் பின் கும்மிடிப்பூண்டி 1, ராயபுரம் 17. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சென்னையிலிருந்து எண்ணுவதை விட்டு ஆந்திர எல்லையிலிருந்து எண்ணினார்கள், அவ்வளவுதான். புது வரிசையில் பூந்தமல்லி 5, ஆவடி 6, மதுரவாயல் 7, அம்பத்தூர் 8. இதை வைத்துப் பூந்தமல்லிக்காரர்கள் அம்பத்தூர்க்காரர்களிடம் மேட்டிமை காட்டினால், சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறச் சொல்ல வேண்டும்: அம்பத்தூர் முதலில் வரும், ஆவடி பிறகு, பூந்தமல்லி அந்தப் பட்டியலிலேயே இல்லை. வார்டு கணக்கிலோ கதை வேறு. அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்தவரை அதன் வார்டுகள் 1இல் தொடங்கின. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலமானபின் 79 முதல் 93. 2019இல் தனி மாநகராட்சியான ஆவடிக்கு 1ஆம் வார்டு கைவிட்டுப் போகவில்லை.

வாக்காளர் பட்டியல் ஒன்றுதான் இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தது. இறந்தவர் பெயரை நீக்கினாலும் அந்த ஆண்டுப் பட்டியலில் அவர் எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கடைசி எண்ணுக்குப் பிறகு, துணைப்பட்டியலில். அடுத்த திருத்தத்தில் எல்லாரையும் சேர்த்து மறுபடி எண்ணுவார்கள். அதனால்தான் போன தேர்தலின் பூத் ஸ்லிப்பைப் பத்திரமாக எடுத்து வந்து நீட்டும் பெரியவரிடம், பந்தலில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் “தாத்தா, இது பழசு, அட்டைய காட்டுங்க” என்கிறார். அடையாள அட்டை எண் ஆளுக்குச் சொந்தம். வரிசை எண் அந்த ஆண்டுப் பட்டியலுக்குச் சொந்தம்.

பட்டறைக்காரர் வாக்குமூலம் மிச்சமிருக்கிறது. 2017இன் ஜிஎஸ்டி விதிகளில் 46ஆவது விதி, பில்லுக்கு 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண் வேண்டும், ஒரு நிதியாண்டில் அது ஒரு முறைதான் வர வேண்டும் என்கிறது. பார்ட்டிஷன் பை நிதியாண்டு. ஏப்ரல் பிறந்தால் 1இலிருந்து தொடங்க வேண்டியதுதானே என்றால், புதிதாகக் கம்பெனி தொடங்கியவர்கள் 1இல் தொடங்குவதில்லை. “முதல் பில்லுன்னு தெரிஞ்சா பார்ட்டி ரேட்டைக் குறைக்கச் சொல்லும் சார்.” ஆகவே 101. சிலர் 1001. நடுவில் ஒரு பில் கேன்சலாகி எண் விடுபட்டுவிட்டால் ஆடிட்டர் கேட்பதும் மேலாளர் கேட்பதும் ஒரே கேள்வி, “அந்த நம்பர் எங்க போச்சு?” ஆடிட்டர் கேட்பதில் நியாயம் இருக்கிறது: பில் எண் கேட்டவுடன் எண்ணியதல்ல, கொடுத்தவுடன் எழுதியது. மேலாளரின் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோ அச்சடிக்கும் நேரத்தில் பிறந்தது. அதில் விடுபடல் வந்தால், எக்செலில் அவரே ஒரு வரியை அழித்திருக்கிறார் என்று பொருள்.

5. வரி ஒன்றும் வராத கொயரி

டேட்டாபேஸ்காரருக்கு வெறும் ரிசல்ட் வந்தால் வயிற்றைக் கலக்கும். மனை வாங்குபவருக்கோ அதுதான் பேரானந்தம்: நில் ஈசி. வ.எண் கட்டத்தில் 1கூடக் கிடையாது, வில்லங்கம் ஏதுமில்லை என்று சான்றே சொல்கிறது. இனிப்பு வாங்கிக்கொண்டு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போவார். வழக்கறிஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“முப்பது வருஷத்துக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல சார். சுத்தம்.”

“உங்களுக்கு விக்கிறவரு பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினேன்னு சொல்றாரே. அந்தக் கிரயம் இதுல ஒண்ணாம் நம்பரா வந்திருக்கணும்ல? சர்வே நம்பரைச் சரியா குடுத்தீங்களா?”

“பழைய நம்பர் குடுத்தேன் சார்.”

“உட்பிரிவு போட்டு எடுத்துட்டு வாங்க. ஸ்வீட் இருக்கட்டும்.”