மூணுதரம் சொல்லியாச்சு, மருமவனே!

வா மருமவனே, உக்காரு. ஏலத்துல எடுத்த ஆயில் எஞ்சினை ஏத்திட்டு வரப் போனவன், அதைக் காணோம்னு வெறும் வண்டியோட திரும்பிட்டியாமே! நல்லதாப் போச்சு. எஞ்சின் வச்சிருக்கவன் ராத்திரியில நாலு தடவை எந்திரிச்சுப் பாக்கணும். உனக்கு அந்தக் கவலை இல்ல.

"நான் இன்னும் கையிலயே வாங்கலியே மாமா, தொலைஞ்சா வித்தவுக பொறுப்புதானே"ங்க. அப்படியா? வக்கீல் வீட்டுத் திண்ணையில குமாஸ்தாவா உக்காந்தே தேஞ்சவன் சொல்லுதேன், கேளு. 1930-ல வந்த சரக்கு விற்பனைச் சட்டத்துல 64-ம் பிரிவுன்னு ஒண்ணு கெடக்கு. சுத்தியல் விழுந்தாலோ, வழக்கமான வேற முறையில ஏலத்தை முடிச்சுச் சொன்னாலோ, வியாபாரம் முடிஞ்சுது. ஏலக்காரன் "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்"னு தொண்டை கிழியக் கத்துனான். நீயும் மீசையைத் தடவிக்கிட்டு நின்ன. ஏல நிபந்தனைத் தாள்ல வேற மாதிரி எழுதலேன்னா அந்த நிமிஷமே எஞ்சின் உன்னோடது. பணம் நாளைக்குக் கட்டுனாலும், பொருளை அடுத்த வாரம் எடுத்தாலும் அதே கதைதான். 26-ம் பிரிவு அதுக்கும் மேல: பொருள் யாருதோ, நஷ்டமும் அவனுது.

மொகம் ஏன் சுருங்குது? பொருளை வச்சுக்கிட்டு முதலாளியா இருக்கவன் ஊருக்குள்ள எத்தனையோ பேரு. பொருளே இல்லாம முதலாளி ஆனவன் நீ ஒருத்தன்தான். பெருமைப்படு.

சரி, அழுதுராத. சட்டத்துல பாதியைக் கேட்டவன்தான் பயப்படுவான். பாக்கியையும் கேளு.

ஏல நிபந்தனைத் தாள்ல கையெழுத்துப் போட்டியே, அதை வாசிச்சியா, இல்ல வடை மடிச்சுத் தின்னுட்டியா? "முழுப்பணம் கட்டின பிறகே பொருள் ஏலதாரருக்குச் சொந்தம்"னு அதுல இருந்தா, பணம் கட்டுறதுக்கு முந்தித் தொலைஞ்சது வித்தவன் நஷ்டம். இத்தனை நாளைக்குள்ள எடுக்கணும்னு கெடு இருந்தா, நீ என்னைக்குப் போனன்னு பாக்கணும். "உள்ளது உள்ளபடி"ங்கிற வரி கட்டாயம் இருக்கும். அதைக் காட்டித்தான் மெரட்டுவான், மசிஞ்சுராத. அது துருப்பிடிச்சதுக்கும் பிஸ்டன் தேஞ்சதுக்கும் எழுதுன வரி. காணாமப் போன எஞ்சினுக்கு உள்ளது எது, உள்ளபடி எது?

அடுத்தது காவல். வித்து முடிச்ச பொறவு அவன் கொட்டடியில கெடக்குதது உன் பொருள். அவன் வெறும் காவக்காரன். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 151-ம் பிரிவு: புத்தியுள்ள ஆளு தன் சொந்தப் பொருளை எப்படிப் பாத்துக்கிடுவானோ, அடுத்தவன் பொருளையும் அப்படிப் பாத்துக்கிடணும். கொட்டடிக்குப் பூட்டு உண்டா? ராத்திரி வாச்மேன் உண்டா? வெளிய போற சரக்குக்கு கேட் பாஸ் உண்டா? இதெல்லாம் எழுத்துல கேளு. ஜாக்கிரதையா இருந்தேன்னு காட்ட வேண்டியது அவன் பாடு. தன் சைக்கிளுக்கு ரெண்டு பூட்டைப் போட்டுட்டு, உன் எஞ்சினை வேலியோரம் கெடத்தியிருந்தான்னு வையி, அந்த சைக்கிளே உனக்குச் சாட்சி சொல்லும்.

அப்புறம் தாமதம். நீ போனப்போ "ஆபீசர் இல்ல, சாவி இல்ல, ரசீதுல சீல் இல்ல"ன்னு திருப்பி அனுப்புனாங்களா? அந்தத் தாமதத்தால வந்த நஷ்டம் அவுக தலையில விழும். கொழுந்தியா கல்யாணம், கோயில் கொடைன்னு நீயா நாள் கடத்துனியா? அந்த 26-ம் பிரிவே உன் பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு எஞ்சினைப் பாத்துக்கிட்ட செலவையும் உங்கிட்டயே கேப்பான்.

எஞ்சின் எப்படிப் போச்சுன்னும் விசாரி. திருடன் தூக்கிட்டுப் போனா, திருட்டுச் சொத்து எத்தனை கை மாறுனாலும் உன்னோடதுதான். வித்தவனே உன் கதையை மறைச்சு, ஒண்ணும் அறியாத இன்னொருத்தனுக்கு வித்து ஏத்தி விட்டுட்டான்னா சங்கதி வேற. நல்லெண்ணத்துல வாங்கி எடுத்துட்டுப் போனவனுக்கு அது சொந்தமாயிரும். அவன் வீட்டு வாசல்ல போயி வேட்டியை மடிச்சுக் கட்டாத. உனக்கு வித்தவன் சட்டையைப் பிடி. குடுத்த பணம் மட்டும் போதும்னு வந்துராத. எட்டாயிரத்துக்கு எடுத்த எஞ்சின் வெளிச் சந்தையில பன்னெண்டாயிரம்னா, அந்த நாலாயிரத்தையும் சேத்துக் கேளு.

எங்க கேக்கதா? டீக்கடையில கேட்டது போதும். ரசீது, ஏல அறிவிப்பு, லாட் நம்பர் எல்லாத்தையும் நகல் எடுத்து, வித்தவனுக்கு ஒப்புகையோட தபால் போடு. ஸ்டேஷன்ல மனு குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. சிவில் கோர்ட்டுக்கு 3 வருஷக் கெடு, நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷம். ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமே கெடையாது. ஆனா வாங்கி விக்கிறதுக்குத்தான் எடுத்தன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாங்க. பொதுஏலத்துல மனை எடுத்தவன் நுகர்வோர் இல்லேன்னு 2009-ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதையும் அவன் வக்கீல் தூக்கிட்டு வருவான். இது மனை இல்ல, எஞ்சின்னு சொல்ல நமக்கும் ஒரு வக்கீல் வேணும். கேட்டுட்டு அப்புறம் படி ஏறு.

மனுவை நானே எழுதித் தாரேன். கூலி ஒண்ணும் வேண்டாம். எஞ்சின் திரும்பி வந்தா மொத மொத எங் கெணத்துக்குத்தான் தண்ணி இறைச்சு விடணும். வரலேன்னாவா? அது உன் நஷ்டம் மருமவனே. 26-ம் பிரிவை இப்பத்தானே சொன்னேன்!