நிலைபேறான கொப்பி

அடுத்தவர் எழுதிய பிரமாதமான வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவது கண்டியில் நேற்று வந்த பழக்கம் அல்ல. 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கையின் பின்னால் பெரிய மூளையாக இருந்தவர் ஜோன் டொயிலி என்ற வெள்ளைக்காரர். பிரதானிகள் ஒப்பமிட்டார்கள். அதில் சில ஒப்பங்கள் தமிழ் எழுத்தில் இருப்பதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. வாசகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டரை வருடத்தில் ஊவாவில் கலகம் வெடித்தது. இன்றைய தொண்டு நிறுவன மொழியில் சொன்னால், அந்தத் திட்டத்தில் பயனாளிகளின் பங்கேற்பு போதவில்லை.

எங்கள் சங்கமும் இந்த மரபில்தான் வருகிறது. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் கொப்பியும் பென்சிலும் கொடுப்போம். சேவை என்று சொல்ல அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. தலைவர் ஐயா ஓய்வுபெற்ற அதிபர். பொருளாளர் அக்கா கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். நான் செயலாளர், அதாவது, கூட்டத்தில் யார் யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்பதை நாகரிகமாகக் குறித்து வைப்பவன்.

வெளிநாட்டு நிதி வழங்குநர்கள் விண்ணப்பம் கோருவது உண்டு. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். தூரநோக்கு என்ன, செயற்பணி என்ன என்று கேட்கும். அதை மரியாதையோடு இழுப்பறையில் வைத்துப் பூட்டுவோம். 2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளியானதும் அந்த இழுப்பறைக்கு வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த செயலிகளில் ஏதோ ஒன்று தலைவர் ஐயாவின் பேரனுடைய போனில் இருந்தது. "கண்டி, தோட்டப் பிள்ளைகள், கொப்பி" என்று பையன் ஒரு வரி தட்டினான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முன்மொழிவு வந்துவிட்டது. அவனே அதைத் தமிழிலும் மாற்றி வாசித்துக் காட்டினான்.

மூடுபனி போர்த்திய மலைச்சரிவுகளில் விளிம்புநிலைக் குடும்பங்களின் குரலாக ஒலிக்கும் எமது அமைப்பு, ஆயிரக்கணக்கான பெண்களை வலுவூட்டி, கல்வியின் ஊடாகக் காலநிலைத் தாங்குதிறனைக் கட்டியெழுப்பி, நிலைபேறான மாற்றத்துக்கு வித்திட்டிருக்கிறதாம்.

தலைவர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம சங்கம் இவ்வளவு செஞ்சிருக்கா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

அக்கா கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். "ஆயிரக்கணக்கான பொம்பளைங்கன்னு போட்டிருக்கு. ஒரு பேரு சொல்லுங்க பார்ப்போம்."

"ஏன், நீங்க இருக்கீங்களே."

"என்னை எங்கே வலுவூட்டினீங்க? போன வருஷம் கொப்பிக் கட்டைத் தூக்கிட்டு மலை ஏறினதுல முழங்கால்தான் போச்சு."

காலநிலைத் தாங்குதிறன் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். தலைவர் ஐயா முப்பது வருடம் பாடசாலை நடத்தியவர், பதில் இல்லாமல் இருப்பாரா? "மழைக்கு நனையாம உறை போட்டுத்தானே குடுக்கிறோம்" என்றார்.

அந்தச் செயலியை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் எல்லாம் கிடையாது. மலைமலையாக எழுத்தைத் தின்று, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று ஊகித்து அடுக்குவதுதான் அதன் தொழில். தொண்டு நிறுவன முன்மொழிவில் 'பெண்கள்' என்று வந்தால் அடுத்து 'வலுவூட்டல்' வராமல் வேறு என்ன வரும்? "கொப்பி கொடுத்தோம், பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள்" என்று எழுதிய முன்மொழிவு ஒன்றையாவது அது பார்த்திருக்குமா? பேராதெனிய வீதியில் நடக்கும் எந்தச் செயலமர்வுக்குள் நுழைந்தாலும் இதே தமிழ்தான் காதில் விழும். நாம் மைக் பிடித்துப் பேசியதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

பையன் அதோடு விடவில்லை. படிவத்தில் 'வெற்றிக் கதை' ஒன்று கேட்டிருந்ததாம். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, அப்பாவின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் உள்ள பட்டியலை அப்படியே செயலியில் ஏற்றினால் கதை தானாக வரும் என்றான். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. "ஊரான் வீட்டுப் பிள்ளை பேரைக் கொண்டுபோய் எங்கேடா போடுறே?" என்று பட்டியலை வாங்கி மடித்து, கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

பிறகு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை பிள்ளை? எந்த டிவிஷன்? எண்பது பக்கக் கொப்பி போன வருடம் என்ன விலை, இந்த வருடம் என்ன விலை? மொத்தக் கடையில் கழிவு எவ்வளவு? வேனுக்கு என்ன கொடுத்தோம், வேன் எதுவரை போனது, அதற்கு மேல் யார் சுமந்தார்கள்?

எனக்குக் கச்சேரி வாசலில் மேசை போட்டு, வந்தவர்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும் முதலில் எழுத மாட்டார்கள், கேட்பார்கள். அவர்களுடைய எழுத்திலும் அலங்காரத்துக்குக் குறைவில்லை. தொடக்கத்தில் தாழ்மையோடு மன்றாடுவார்கள், முடிவில் ஆயுள் முழுதும் பிரார்த்திப்பார்கள். ஆனால் நடுவில் இருக்கும் நாலு வரி வந்தவனுடைய வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அந்த நாலு வரியின் எடை எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தாய், அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்ட படிவம் அது. மூடுபனி போர்த்திய மலைச்சரிவைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. எந்தத் தோட்டம், எந்தத் திகதி என்பது பிழைத்தால் ஒரு குடும்பமே நாடில்லாமல் நின்றது. எங்கள் ஆட்களுக்குக் காகிதம் என்றால் இன்றும் வயிற்றில் ஒரு பயம் இருப்பதற்குக் காரணம் உண்டு.

தலைவர் ஐயா அழகை விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா இலக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் முன்பக்கம் மூடுபனி, பின்பக்கம் கொப்பி விலை என்று சமரசமாகி, விண்ணப்பம் போனது.

இதைக் கேள்விப்பட்டு வந்தவர் மணிக்கூட்டுக் கோபுர பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இனிப்புக் கடை வைத்திருக்கும் முதலாளி. தீபாவளிக்கு முகநூலில் போட விளம்பரம் வேண்டுமாம். மஸ்கட், தொதல், பூந்தி என்று மட்டும் சொன்னார். கண்டி ஏரியின் தென்றல் தவழும் கரையில், மூன்று தலைமுறைப் பாரம்பரியத்தோடு, மன்னர் காலத்துச் சுவை என்று செயலி எழுதித் தந்தது. கடை திறந்தது கொரோனாவுக்குப் பிறகு. அங்கே தவழ்வது கடுகண்ணாவை பஸ்ஸின் டீசல் புகை. திருத்தலாமா என்றேன். முதலாளி கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும் தம்பி, வாசிக்க நல்லா இருக்கு" என்றார். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது ஒரு வாடிக்கையாளரிடம் தன்னுடைய தாத்தா மஸ்கட் கிண்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நின்று கேட்டேன். கதை நன்றாகத்தான் இருந்தது.

செயலி தமிழ் எழுதும் வேகம் முன்பு இப்படி இல்லை. எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அது விழுங்கும். முன்பு தமிழை மிகப் பொடியாக வெட்டியது. 2024 மே மாதம் சாட்ஜிபிடிக்கு ஜிபிடி-4ஓ வந்தபோது அதைச் செய்தவர்களே ஒரு மாதிரி வாசகத்தை வைத்துக் கணக்குக் காட்டினார்கள்: தமிழில் முன்பு 116 துண்டு, இப்போது 35. ஆங்கிலத்தில் அதே வாசகம் முன்பே 27 துண்டுதான். துண்டுக்குத் துண்டு காசு என்பதால், வணக்கம் சொல்வதற்கே நாம் நாலு மடங்கு கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்த ஊரில் செயலியால் வந்த பெரிய நன்மை எழுதுவதில் இல்லை, வாசிப்பதில்தான். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. ஆனாலும் சங்கத்துக்கு வரும் அரசாங்கக் கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். சிங்களம் சரளமாகப் பேசும் தலைவர் ஐயாவே அந்தக் கந்தோர் நடைக்கு முன்னால் திணறுவார். இப்போது பையன் கடிதத்தைப் படம் பிடித்துக் கேட்கிறான். வருடாந்தக் கணக்கறிக்கையை இன்ன திகதிக்கு முன் ஒப்படைக்கவும் என்று தமிழில் வருகிறது. திகதியை மட்டும் அக்கா மூலக் கடிதத்தில் விரல் வைத்து இன்னொரு முறை பார்த்துக்கொள்வார். அரசியலமைப்பு எழுதி வைத்ததை ஒரு பையனின் போன் செய்து கொடுக்கிறது, டேட்டா காசு நம்முடையது.

நிதி வழங்குநரிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கம். உங்கள் பணியின் ஆழம் எங்களை நெகிழ வைத்தது, மலைச்சரிவுகளில் நீங்கள் ஏற்றிய ஒளி என்று பையன் வாசிக்க வாசிக்க, தலைவர் ஐயா எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார்.

அக்கா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கத்துல ஒரு இலக்கம் இல்லையே. காசு குடுக்கிறவன் இலக்கம் எழுதாம இருப்பானா?"

இரண்டாம் பக்கத்தின் அடியில், மன்னிப்புக்கும் வாழ்த்துக்கும் நடுவில், இல்லை என்று இருந்தது. அதற்குள் ரோல்ஸ் வந்துவிட்டது.

"இருந்தாலும் என்ன அழகா எழுதியிருக்கான்! ஃபிரேம் போட்டு மாட்டலாமா?" என்றார் தலைவர் ஐயா.

"ஃபிரேமுக்கு எந்தக் கணக்குல எழுதுறது?"

கொப்பி அந்த வருடமும் போனது. பெரும்பகுதிக் காசைக் கொடுத்தவர் இனிப்புக் கடை முதலாளி. காசுக் கட்டை அக்காவின் மேசையில் வைத்து, "எங்க குடும்பம் மூணு தலைமுறையாப் படிக்கிற பிள்ளைகளுக்குக் குடுத்துக்கிட்டு வர்ற குடும்பம்" என்றார். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்து ரசீது எழுதினார்.