பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் 23 வருடம் குப்பை கொட்டிய நண்பர், 50 வயதில் வேறு வேலை தேடக் கிளம்பினார். ரெஸ்யூம் அனுப்புங்கள் என்றார்கள். கடைசியாக அவர் ஒன்று தயாரித்தபோது அதற்குப் பெயர் பயோடேட்டா. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் வைத்து அடித்தது. தகப்பனார் பெயர், உயரம், மதம், தெரிந்த மொழிகள் எல்லாம் அதில் உண்டு. என்ன வேலை தெரியும் என்பது மட்டும் இல்லை. பெண் பார்க்கவும் அதே தாளைத்தான் கொடுத்தனுப்பினார்கள். ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது’ என்ற வரியை நம்பி ஏமாந்துவிட்டதாக அவர் மனைவி தொடுத்த வழக்கு வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பிரௌசிங் சென்டர் பையன் கைவசம் ஒரு மாடல் வைத்திருந்தான். பெயரையும் செல் நம்பரையும் மாற்றினால் போதும்.

“ஹார்டு வொர்க்கர் போடட்டுங்களா, ஸ்மார்ட் வொர்க்கரா சார்?”

“ரெண்டுக்கும் ஒரே காசுதானே? ரெண்டையும் போடு.”

முந்தைய வாடிக்கையாளர் கல்லூரிக் கால்பந்து அணித் தலைவர் போலிருக்கிறது. அந்தப் பதவியும் நண்பருக்கு இலவசமாக வந்து சேர்ந்தது. கீழே, ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்று உறுதிமொழி. நண்பர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

மகள் படித்துப் பார்த்தாள். “ஏனுங்கப்பா, நீங்க எப்போ ஃபுட்பால் ஆடுனீங்க?”

“அந்தப் பையன் போட்டது கண்ணு. எடுத்தா டிசைன் கலைஞ்சுரும்னான்.”

இல்லாததைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாஹூ சாட்சி. 2012 ஜனவரியில் அங்கே தலைமைச் செயல் அதிகாரியான ஸ்காட் தாம்ப்சன் வாங்கியது கணக்கியல் பட்டம். அவரைப் பற்றிய குறிப்பில் கம்ப்யூட்டர் சயன்ஸும் சேர்ந்திருந்தது. விஷயம் வெளியே வந்து, மே மாதமே நாற்காலி காலி. கால்பந்தைத் தூக்கிவிட்டாள் மகள். டிசைன் ஒன்றும் கலையவில்லை.

பொய்யைக் கழித்தது சுலபம். உண்மையைக் கறப்பதற்குள்தான் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

“ஸ்டோர்ஸ்ல என்ன பண்ணுவீங்கப்பா?”

“சாமான் வந்தா வாங்கி வெப்பேன். கேட்டா எடுத்துக் குடுப்பேன்.”

“எத்தனை சாமானுங்க?”

“என்ன, ஒரு நாலாயிரம் ஐட்டம் இருக்கும்.”

மகள் பேனாவைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டிலும் வரவும் இருப்பும் எழுதித் தொங்கும் அட்டைக்கு ‘பின் கார்டு’ என்று பெயர். அதில் இருக்கும் எண்ணும் தட்டில் இருக்கும் சாமானும் ஸ்டாக் ஆடிட்டில் ஒத்துப்போகாத வருடமே இல்லையாம். டிராவலர் என்று நகக்கண் அளவில் ஒரு கம்பி வளையம். அது தீர்ந்துபோனால் ரிங் ஃபிரேமில் நூல் ஓடாது. தீர விட்டதே இல்லையாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, தன் வயதில் பாதிகூட இல்லாத பையனிடம் டீ வாங்கிக் கொடுத்து டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாராம்.

“இதையெல்லாம் ஏனுங்கப்பா எழுதலை?”

“அது வேலைதானே கண்ணு? அதுக்குத்தானே சம்பளம் குடுத்தாங்க.”

இந்த அடக்கம் லியோனார்டோ டா வின்சிக்குக் கிடையாது. 1482 வாக்கில், 30 வயதில், மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு அவர் எழுதிய வேலை விண்ணப்பத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. சுமந்து செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய போர்வண்டி செய்வேன் என்று வரிசையாக அடுக்குகிறார். ஓவியமும் வரும் என்பது கடைசியில், போகிற போக்கில். போர்ப் பயத்தில் இருப்பவனிடம் தூரிகையைக் காட்டி என்ன பயன்? வெண்கலக் குதிரைச் சிலை ஒன்றும் செய்து தருவதாக அதில் சொல்லியிருந்தார். பிற்பாடு அந்தக் குதிரைக்கென்று சேர்த்த வெண்கலம் பீரங்கி வார்க்கப் போய்விட்டது. விண்ணப்பத்தை முதலாளி ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்.

எல்லா முதலாளிகளுக்கும் அந்தப் பொறுமை இல்லை. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-இல் கண்ணசைவைப் பின்தொடர்ந்து அளந்தபோது, ஆள் எடுப்பவர் ஒரு ரெஸ்யூமை முதல் பார்வையில் மேய்வது சராசரி 7.4 விநாடி என்று தெரிந்தது. நம்மூர் டவுன் பஸ்கூட நிறுத்தத்தில் அதைவிட அதிக நேரம் நிற்கும். அதனால் நாலாயிரம் ஐட்டம் முதல் வரிக்கு வந்தது. அடுத்து ஆடிட், அதற்கடுத்து டாலி. உயரமும் மதமும் இறங்கிக்கொண்டன. பாட்டுக் கேட்பதையும் மகள் அடித்துவிட்டாள். ஒரே பக்கம்.

பிரிண்ட் எடுத்து வந்த தாளை மனைவி அடுப்படி வாசலில் நின்று படித்தார்.

“ஏனுங்க, நாலாயிரம் சாமான் எங்கெங்கே இருக்குதுன்னு தெரியுமுங்களா? நம்ம வீட்டுக் கடுகு டப்பா எங்கே இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

நண்பர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. “பின் கார்டு மாட்டி வெச்சிருந்தீன்னா சொல்லிருப்பேன்.”