ஐந்தடிச் செயலாளர்

உத்திரமேரூரைச் சுற்றி வயல் மனையாக மாறிய இடத்திலெல்லாம் ஒரு 'நகர்' இருக்கும். நகர் இருந்தால் மனை உரிமையாளர் நலச்சங்கம் இருக்கும். சங்கத்துக்குத் தலைவர் உண்டு. அவர் சென்னையில் இருப்பார். பொருளாளர் உண்டு, அவர் ரசீதுப் புத்தகத்தில் இருப்பார். காலை ஆறரைக்கே மனையில் வந்து நிற்பவர் செயலாளர் ஒருவர்தான்.

இந்த இனத்தில் பலரைப் பார்த்துவிட்டேன். அவர்களை ஒரே ஆளாகப் பிசைந்து உங்கள்முன் நிறுத்துகிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 66. கையில் 30 மீட்டர் டேப், மஞ்சள் பையில் சங்க விதிகள். எந்த மனையில் கடக்கால் தோண்ட ஜே.சி.பி. உறுமினாலும் அவருடைய டி.வி.எஸ். 50 அங்கே வந்து நிற்கும்.

"பூஜை போட்டாச்சா தம்பி? சந்தோஷம். பக்கத்துல எவ்ளோ விட்டிருக்கீங்க?"

"மூணடி சார்."

"அஞ்சு. நாலு பக்கமும் அஞ்சு."

"பிளான் அப்ரூவல் வந்துடுச்சே சார்."

"அது கவர்ன்மென்ட் அப்ரூவல். சங்கத்து அப்ரூவல் எங்க?"

மேஸ்திரி சுண்ணாம்புக் கோட்டைப் பார்ப்பார், வீட்டுக்காரரைப் பார்ப்பார், கடைசியில் ஜே.சி.பி. ஓட்டுநரைப் பார்ப்பார். மணிக்கணக்கில் வாடகை ஏறுவது அந்த வண்டிக்குத்தான்.

உண்மையில் சங்கத்துக்கு ஒரு செங்கல்லைத் தடுக்கும் அதிகாரம்கூட இல்லை. தெருவையே தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தாயிற்று. எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. சிறிய மனையிடம் அவை நாலு பக்கமும் ஐந்தடி கேட்பதில்லை. ஆனாலும் செயலாளர் ஒரு தடையில்லாச் சான்று வைத்திருக்கிறார். எந்த அலுவலகமும் கேட்காத அந்தச் சான்றைத் தர மறுப்பதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம்.

2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், விதிப்படி கட்டுவதாகத் தாமே உறுதி சொல்லி இணையத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளலாம். யாரும் நேரில் வந்து பார்க்க மாட்டார்கள். அன்று செயலாளர் வீட்டில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லையாம். "அவனே கட்டுவான், அவனே சர்ட்டிபிகேட் குடுத்துப்பானா? அப்ப டேப் எதுக்குய்யா?" என்று மறுநாள் டீக்கடையில் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி. பேஸ்மட்ட உயரம். முதலில் கட்டியவர் சாலையிலிருந்து இரண்டடி தூக்கினார். அடுத்தவர் இரண்டரை. சாலையை மறுபடி போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிவிடுவார்கள் என்று தெரிந்த மூன்றாமவர் மூன்றரை. நாலாமவர் மாடிப்படி ஏறித்தான் தன் தரைத்தளத்துக்கே போகிறார். ஐப்பசியில் மழை பிடித்ததும் இந்த உயரங்களின் தண்ணீர் மொத்தமும் முதலாமவர் கூடத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு முதலில் குடிவந்ததைத் தவிர அவர் செய்த பாவம் ஒன்றுமில்லை. மூன்றடிக்குமேல் கூடாது என்று செயலாளர் விதி எழுதினார். எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள். அதற்குப்பின் வந்த வீடுகள் எல்லாமே நாலடி.

அளப்பது ஓய்ந்தால் கல்வெட்டுக்குப் போய்விடுவார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபை பொறித்து வைத்த குடவோலை விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டதைத் தனக்கு வந்த பாராட்டுக் கடிதமாகவே எடுத்துக்கொண்டவர். "ஏரிக்கு வாரியம், தோட்டத்துக்கு வாரியம், பொன்னுக்கு வாரியம். கணக்குக் காட்டாதவன் பேரு மட்டுமில்ல, அவன் சொந்தக்காரன் பேரும் குடத்துல விழாது. தெரியுமா?" என்பார். சொல்வதெல்லாம் 921-ஆம் ஆண்டுத் தீர்மானம்தான். அதில் வயது வரம்பு 35 முதல் 70. கி.பி. 919-இல் எழுதியது 30 முதல் 60. அந்தப் பக்கம் அவர் போவதில்லை. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது என்றும் உண்டு. அது வாரியத்துக்கு, செயலாளருக்கு அல்ல என்பது அவருடைய உரை.

சென்ற பொதுக்குழுவில் புதிதாக மனை வாங்கிய சரித்திர ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

"சார், சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கறவங்க பேரைத்தான் குடத்துல போடணும்னு அதே கல்வெட்டுல இருக்கே. உங்க வீடு எது சார்?"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. செயலாளர் உத்திரமேரூருக்குள் வாடகை வீட்டில் இருக்கிறார். நகரில் அவருக்கு இருப்பது இரண்டு எல்லைக்கல்லும் ஒரு வேலிக்காத்தான் புதரும். வேறு யாராவதாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். இவர் மஞ்சள் பையைத் திறந்தார்.

"மனை இருபதுக்கு நாப்பதும்மா. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு போனா பத்தடி. சுவர் போக எட்டரை. அதுல கட்டில் போட்டா சுத்தி நடக்க முடியாது. நானும் விலக்கு கேட்டு சங்கத்துக்கு எழுதினேன்."

"சங்கம் என்ன சொல்லுச்சு?"

பெறுநர் இடத்தில் 'செயலாளர்' என்றிருந்த அந்த விண்ணப்பத்தையும், விதிக்கு மாறானதால் ஏற்க இயலவில்லை என்று செயலாளர் கையெழுத்திட்ட பதிலையும் எடுத்து நீட்டினார். விடாமல் தலைவருக்கு மேல்முறையீடும் செய்திருக்கிறார். அதன் ஓரத்தில் சென்னையிலிருந்து தலைவர் எழுதியிருந்தார்: 'செயலாளர் ஆய்ந்து முடிவெடுக்கவும்.'