கிராணிக்குத் தெரிந்த பெயர்

இணைய நூலகத்தில் தேடுகிறவர்கள் இரண்டு ரகம். ஒற்றைச் சொல்லைத் தட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் பதில் வந்து விழுந்ததும் மலைத்துப்போய்க் கணினியை மூடுகிறவர்கள் ஒரு ரகம். நூலகத்தோடு உட்கார்ந்து குடும்பக் கதை பேசுகிறவர்கள் இன்னொரு ரகம். மலாக்கா மாநிலத்து ஜாசினில் இருக்கும் எங்கள் மாமா இரண்டாவது ரகத்துக்குத் தலைவர்.

மாமா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். மலாயா, சிங்கப்பூர்ப் பழைய செய்தித்தாள்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்ற தளத்தில் போட்டு வைத்திருக்கிறது என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். காலையில் பசியாறிவிட்டுப் பேரனின் மடிக்கணினி முன் உட்கார்ந்தவர், தேடல் பெட்டியில் இப்படித் தட்டினார்: "நாலாங்கட்டைத் தோட்டம் மாரியம்மன் கோயில் திருவிழா எங்கப்பா காவடி எடுத்த வருஷம் படம் இருந்தா நல்லது."

ஒன்றும் இல்லை என்றது நூலகம்.

"என்ன மாப்ள, இவ்வளவு விவரமாச் சொல்லியும் இல்லங்குது? கோளாறா இருக்குமோ?"

கோளாறு எதுவும் இல்லை. மாமாவுக்குப் புரியும்படி சொல்ல ஒரே ஆள்தான் கிடைத்தார், தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. லயத்தில் ஒருவரை எல்லோரும் 'குட்டையன்' என்போம். அவர் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் முனியாண்டி. கிராணியிடம் போய்க் குட்டையனுக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்று கேட்டால், அப்படி ஓர் ஆளே இந்தத் தோட்டத்தில் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் இருக்கிற பெயரைத் தவிர அவருக்கு வேறு பெயர் தெரியாது, வெளிக்காட்டுப் பக்கம் வந்ததும் இல்லை. தேடல் இயந்திரமும் அப்படித்தான். நமக்குத் தெரிந்த பெயரில் கேட்டுப் பயனில்லை, கிராணி எழுதிய பெயரில் கேட்க வேண்டும்.

நாலாங்கட்டை என்று எந்த வெள்ளைக்காரத் துரையும் எழுதவில்லை. பத்திரிகைக்காரனுக்கு அது நாலாவது மைல், அல்லது லண்டனில் பதிவான ஏதோ ஒரு ரப்பர் கம்பெனி. மலாக்காவில் ரப்பர் கதை எங்கே தொடங்கியது என்று பார்க்கப் போனாலும் இதே தொல்லைதான். டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சோதனையாக ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் போட்டார். அந்தத் தோட்டம் பின்னால் மலாக்கா ரப்பர் பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பெனி கைக்குப் போனது. அசாஹான் என்று தேடினால் பாதிக் கதை, கம்பெனி பெயரில் தேடினால் மீதிக் கதை.

சரி, தோட்டம்தானே, 'எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் போடலாம் என்று மாமாவே யோசனை சொன்னார். போட்டோம். செத்துப்போனவர்கள் வரிசை பிடித்து வந்தார்கள். இன்னார் காலமாகிவிட்டார், அவருடைய எஸ்டேட்டின், அதாவது விட்டுப்போன சொத்தின், மீது உரிமை கோருபவர்கள் இத்தனாம் தேதிக்குள் வழக்கறிஞரை அணுகவும். பக்கம் பக்கமாக வக்கீல் அறிவிப்பு. "நம்மளத்தான் கூப்புடுறாங்களோ?" என்று மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்.

'மலாக்கா' என்று சேர்த்தால் தீருமா? அது அதைவிட மோசம். மலாக்கா ஜலசந்தியில் போன கப்பல், வந்த கப்பல், கவிழ்ந்த கப்பல் எல்லாம் நம் திண்ணையில் நங்கூரம் போடுகின்றன. போதாதென்று, வெள்ளைக்காரர்கள் ஒருவகைப் பிரம்புக் கைத்தடிக்கும் மலாக்கா என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கைத்தடி விளம்பரத்தை எல்லாம் பார்த்து முடித்தால் நமக்கே ஒரு கைத்தடி தேவைப்படும்.

ஆகவே இரண்டு காரியம் செய்தோம். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைத்தோம். பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டிகளைத் தொட்டு, விளம்பரத்தை நீக்கி, ஆண்டைச் சுருக்கி, பத்திரிகையைத் தேர்ந்தெடுத்தோம். 1930களின் 'மலாக்கா கார்டியன்' போன்ற உள்ளூர்ப் பத்திரிகைக்குள் தேடினால் கப்பல்கள் பெரும்பாலும் கரையோடு போய்விடும். அந்த வடிகட்டிகளை யாரும் தொடுவதே இல்லை. கடையில் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட அங்கே கூச்சப்படத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. மலாக்கா பழைய ஏட்டில் இரட்டை 'சி' போட்டு வரும், இப்போது 'மெலாக்கா' என்று 'கே' போட்டு வருகிறது. 1972இல் மலாய் எழுத்துமுறையைத் திருத்தியபோது தஞ்சோங் தஞ்சுங் ஆனது, கம்போங் கம்புங் ஆனது. பழைய செய்தி வேண்டுமானால் பழைய எழுத்து, புதிய செய்திக்குப் புதிய எழுத்து. சந்தேகம் என்றால் இரண்டும்.

இதைவிடப் பெரிய கூத்து, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் தமிழர் என்று தேடினால் தமிழர் பாதிக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். அந்தப் பத்திரிகைக்காரர்கள் நம்மைப் பெரும்பாலும் 'கிளிங்' என்றுதான் எழுதினார்கள். கேட்டால் கோபம் வரும் சொல், மாமாவுக்கும் வந்தது. ஆனால் கோபப்பட்டு அதைத் தட்டாமல் விட்டால் தாத்தாக்களைக் கண்டுபிடிக்க முடியாது. தட்டினாலும் நிம்மதி இல்லை. தஞ்சோங் கிளிங் ஊரும், மலாக்கா நகரத்துக் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் கூடவே வந்து நிற்கும்.

செட்டிகள் விவகாரத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலைக் கட்டிக்காத்து வரும் மலாக்கா செட்டிகள் வேறு, வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் வேறு. இந்த வித்தியாசம் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 'சிட்டி', 'செட்டி' என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலைத் தேடிப் போனால் கடன் வழக்கில் போய் நிற்போம். 'கம்போங் காஜா பெராங்' என்று அவர்கள் வாழும் இடத்தைச் சேர்த்துத் தேடினால் வட்டிக்கடைகள் ஒதுங்கிக்கொள்ளும். ஊர்ப்பெயரும் நம்மை ஏமாற்றும் என்பது வேறு விஷயம். தம்பின் ஊர் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. தம்பின் ரயில் நிலையம் என்று நெடுங்காலம் எழுதப்பட்ட நிலையமோ மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் இருக்கிறது. மாநிலப் பெயரைச் சேர்த்துத் தேடினால் ரயிலைத் தவறவிடுவோம்.

தமிழிலேயே தேடக்கூடாதா என்றால், கூடும். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் இருக்கிறது. ஆனால் மங்கிய அச்சைப் படிக்கும் இயந்திரம் 'ன'வை 'ள' என்று படித்துவிடும், கொம்பை ஒரு வரியிலும் காலை மறுவரியிலும் போட்டுவிடும். அதனால் நீளமான சொற்றொடரைத் தமிழில் தட்டாதீர்கள். ஒரு சின்னச் சொல், ஒரு தேதி, அப்புறம் பக்கத்தைக் கண்ணால் புரட்டுவது. தைப்பூசம் எந்தத் தேதியில் வந்தது என்று பழைய நாட்காட்டியில் பார்த்துக்கொண்டு, அதற்கு மறுநாள் பத்திரிகையைத் திறப்பது எத்தனையோ தேடலுக்கு மேல்.

நூலகங்கள் தரும் இணையச் சுட்டிப் பட்டியலையும் மாமா விடவில்லை. மாரியம்மன் திருவிழாவை மதுரைத் திட்டத்தில் தேடினார். 1998இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இலக்கியம் கிடைக்கும், ஜாசின் கிடைக்காது. 'நூலகம்' என்ற பெயருள்ள தளத்துக்குப் போனார். அது ஈழத்து ஆவணங்களுக்கானது. எந்த வீட்டில் என்ன சமையல் என்று பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினால் பாதி நேரம் மிச்சம். பட்டியலில் பல சுட்டிகள் செத்தும் கிடந்தன. அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் இழுத்து மூடப்பட்டது. அதற்காக அழ வேண்டாம். செத்த முகவரியை அப்படியே நகலெடுத்து, 'வேபேக் மெஷின்' தளத்தில் ஒட்டினால், 1996க்குப் பிறகு அது எடுத்து வைத்த பழைய பிரதி ஏதாவது அகப்படலாம். திறந்ததும் ஐரோப்பிய எழுத்துப் பூச்சிகளாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்திய திஸ்கி போன்ற குறியாக்கமாக இருக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் தமிழாகிவிடும். இன்றைய தமிழ் எழுத்தில் தேடி அந்தப் பக்கத்தை ஒருநாளும் பிடிக்க முடியாது.

கடைசியில் நாலாங்கட்டைத் தோட்டத்தைக் கம்பெனி பெயரில் பிடித்துவிட்டோம். ஆண்டுக் கூட்ட அறிக்கை. எத்தனை ராத்தல் ரப்பர், பங்குக்கு எத்தனை சதவீத இலாபம், தொழிலாளர் உடல்நலம் திருப்தி. மாமா இலாபக் கணக்கை விரலால் தடவித் தடவிப் படித்தார். "திருப்தியாம்ல, மாப்ள. அந்த வருஷம் எங்கப்பாவுக்கு ரெண்டு மாசம் மலேரியா." மாரியம்மனைப் பற்றி ஒரு வரி இல்லை. காவடியைப் பற்றியும் இல்லை. பங்குதாரர்களுக்கு அது தேவைப்படவில்லை.

அது இருப்பது நம் வீட்டுப் பெட்டிகளில்தான். மெர்லிமாவிலும் டுரியான் துங்காலிலும் அலோர் காஜாவிலும் எத்தனை பேர் வீட்டில் கோயில் திருவிழா நோட்டீசும், பள்ளி ஆண்டு மலரும், 'தமிழ் நேசன்' பத்திரிகை நறுக்கும் கறையான் வரக் காத்துக்கொண்டிருக்கின்றனவோ. எடுத்துப் படம் பிடித்து நூலகத்துக்கோ இணையத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது தயவுசெய்து கோப்புக்கு 'ஸ்கேன் 001' என்று பெயர் வைக்காதீர்கள். நாம் கூப்பிடும் பெயர், கம்பெனி எழுதிய பெயர், பழைய எழுத்து, புதிய எழுத்து, ஊர், ஆண்டு எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். பெயர் நீளமாக இருந்தால் கிராணி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.