மொட்டை மாடி மெஷினும் ஆறு வீட்டு அழுக்கும்

மாப்ளே, வழக்கமா நீ போன் போட்டா கடலெண்ணெய் தீர்ந்துருச்சுன்னு அர்த்தம். இந்தத் தடவை எண்ணெய்ப் பேச்சே இல்லை. "மாமா, என் வாஷிங் மெஷின்ல எதிர்வீட்டுக்காரர் பெட்ஷீட் சுத்துது, என்ன பண்ணட்டும்?"னு கேட்டே. இன்னைக்கு வரைக்கும் கெணத்தடிக் கல்லுல அடிச்சுத் துவைக்கிற கோவில்பட்டிக்காரன்கிட்ட வந்து மெஷினுக்கு யோசனை கேக்குறியே, படிச்ச பிள்ளைன்னா நீதான். எனக்கு ஒரே பூரிப்பு.

ஆனா விவகாரம் எனக்குப் புதுசில்ல. போன சித்திரையில நானும் உங்க அத்தையும் வந்து இருந்தோமே, அப்பவே எல்லாம் பாத்தாச்சு. நீ கேக்கலை, நானும் சொல்லலை.

மேற்கு மாம்பலத்துல மூணு மாடி, ஆறு வீடு. உன் குளியலறையில ஆளு நின்னு திரும்புனாலே முழங்கை சுவத்துல இடிக்கும். அதுல மெஷினுக்கு ஏது எடம்? அதனால மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஓரமா தகரக் கொட்டகை போட்டு வச்சே. வச்சது சரிதான். ஆனா மாடி ஆறு வீட்டுக்கும் பொது. பொது எடத்துல ஒரு பொருள் ஆறு மாசம் கெடந்தா, அதுவும் பொதுன்னு சனம் தீர்மானம் போட்டுரும். நம்மூரு புறம்போக்குல இதைப் பாக்காத ஆளா நீ?

உங்க அத்தை கூழ்வத்தலைக் காயப்போட்டுட்டு, காக்கா கொத்தாமப் பாத்துக்கிடுங்கன்னு என் கையில ஒரு குடையைக் குடுத்து உக்கார வச்சிருந்தா. எதிர்வீட்டு சார் வாளியோட வந்தாரு. வாளிக்கு மேல ஒரு டவல் மூடியிருந்துச்சு.

"என்ன சார், இந்த வெயில்ல?"

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன் பெரியவரே."

"வாளியிலயா வாங்குவீக?"

"துணி காயப்போடணும்..."

"சொட்டு ஈரம் இல்லையே சார். காஞ்ச துணியத் திரும்பக் காயப்போடுற வழக்கம் உண்டா உங்க பக்கம்?"

மனுசன் சிரிச்சுட்டாரு. "தம்பிதான் எப்ப வேணாலும் யூஸ் பண்ணிக்கங்கன்னு சொன்னாரு"ன்னாரு. அங்கதான் மாப்ளே குட்டு உடைஞ்சுது. மெஷின் வந்த அன்னைக்கு வீடு வீடாக் கேசரி குடுத்து, கூடவே இந்த வார்த்தையையும் குடுத்தது நீ. மரியாதைக்குச் சொன்னே, அவரு மெய்யுன்னு எடுத்துக்கிட்டாரு. மெட்ராஸ்ல ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் நம்புறதே அபூர்வம். அதுக்கு நீ அவருக்கு ஒரு சால்வை போத்தணும்.

அன்னைக்குச் சாயங்காலம் நீ வேலைக்குப் போயிருந்தப்ப மெஷின் கதவைத் திறந்து, அந்த ரப்பர் வளையத்தை விரலால மடக்கிப் பாத்தேன். ஒரு சேலை ஊக்கு. ஒரு ரெண்டு ரூவாக் காசு. பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான், வெள்ளை. கழுத்துல அடையாள அட்டை மாட்டுறாகளே, அந்தக் கயித்துக் கொக்கி. அப்புறம் நரைமுடி ஒரு கத்தை. உனக்கு இன்னும் நரைக்கலை, பிள்ளையும் பள்ளிக்கூடம் போகலை. பொத்தான் முதல் மாடி, கொக்கி மேல்மாடி பேச்சிலர் பசங்க, நரை யாருன்னு உனக்கே தெரியும். நீ என்னடான்னா மூவாயிரம் ரூவாக்குக் கேமரா வாங்கலாமான்னு கேக்குற. ரப்பரை மடக்கிப் பாரு, சாட்சி அங்கேயே கெடக்கு. அந்த ரெண்டு ரூவாய நான் எடுத்துக்கிட்டேன், வாடகையில கழிச்சுக்க.

சரி, இப்ப மொதல் காரியம். அந்த மெஷின் வயரைப் பிடிச்சு அது எங்கே போகுதுன்னு பாரு. நான் பாத்துட்டேன். அது நேரா மாடிப்படி லைட்டுக்குப் போற பொது மீட்டருக்குப் போகுது. அதாவது தண்ணி மோட்டாரும் படிக்கட்டு லைட்டும் ஓடுற மீட்டர். அந்த மாதிரிப் பொது மீட்டருக்கு 2022 செப்டம்பர்லேருந்து தனிக் கட்டணம், வீட்டு மீட்டர் மாதிரி இலவச யூனிட்டெல்லாம் அதுக்குக் கிடையாது. அந்த பில்லை ஆறு வீடும் பங்கு போட்டுக் கட்டுது. உன் ஜீன்ஸ் பேண்டு சுத்துறதுக்கு எதிர்வீட்டு சாரும் காசு குடுத்துக்கிட்டு இருக்காரு மாப்ளே. இந்த லட்சணத்துல "என் மெஷினு, என் மெஷினு"ன்னு கத்துனா, அவுக வாயத் தொறந்தாகன்னா நீ நாறிப் போவே. மொதல்ல ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு உன் வீட்டு போர்டுலேருந்து தனி லைன் இழுத்துக்க.

தனி லைன் இழுத்ததும் இன்னொரு கணக்கு முளைக்கும். ரெண்டு மாசத்துல 500 யூனிட் வரைக்கும் ஒரு கட்டண வரிசை. அதைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் ஓடினாலும் வரிசையே மாறி, கீழே மலிவா ஓட்டின யூனிட்டுக்கும் கூடுதல் ரேட்டு விழும். உன் வீட்டுல ரெண்டு ஏசி. கோடையில நீ 480-லதான் நொண்டிக்கிட்டு இருப்பே. உன் மெஷின் ஃப்ரண்ட் லோடு, பச்சைத் தண்ணியில ஓட்டினா கரண்டு பெருசா இழுக்காது. ஆனா 60 டிகிரியில வச்சா உள்ளே ஹீட்டர் எரிஞ்சு ஒரு ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் போயிரும். ஓசியில துவைக்கிறவன் பச்சைத் தண்ணி பட்டனையா அமுக்குவான்?

பூட்டைப் பத்திக் கேட்டே. மெஷின்லயே குழந்தைப் பூட்டுன்னு ஒண்ணு இருக்காம்ல, பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா போட்டுக்கிடுமாம். அதே மாதிரி அமுக்கிப் பிடிச்சா தொறந்துக்கிடுமாம். மூணாவது படிக்கிற பய தொறக்குறான், உனக்குத்தான் புத்தகம் பாக்க வேண்டியிருக்கு.

நான் சொல்றதைக் கேளு. நம்ம பங்குக் கெணத்துல பம்புசெட்டு வந்த காலத்துல, முறை முடிஞ்சதும் உங்க தாத்தா ஸ்டார்ட்டர் பொட்டியைத் தொறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில கட்டிக்கிட்டு வந்துருவாரு. சாப்பிடும்போது மடியில, படுக்கும்போது தலைமாட்டுல. 1990 வாக்குல விவசாயத்துக்குக் கரண்டே இலவசம்னு ஆச்சு. அப்பவும் அவரு கட்டையை விடலை. "கரண்டு சர்க்காருது, காயிலு என்னுது. எரிஞ்சா வைண்டிங் கூலி யாரு குடுப்பா?"ம்பாரு. உன் மெஷினுக்கும் அதேதான். போற கரண்டும் தண்ணியும் சில்லறைக் காசு. பேரிங் போனாத்தான் வயிறு எரியும்.

அதனால ஸ்விட்சை மாடியில வைக்காதே. லைனுக்கு உண்டான எம்சிபியை வீட்டுக்குள்ள போர்டுல வை. துவைக்கையில போடு, முடிஞ்சதும் அணை. அது போக, மெஷினுக்குத் தண்ணி போற குழாய்ல கைப்பிடி கழட்டுற மாதிரி ஒரு வால்வு போட்டு, கைப்பிடியை எடுத்து அடுப்படி ஆணியில மாட்டிரு. எதிர்வீட்டு சார் வாளியோட வருவாரு, பட்டனை அமுக்குவாரு, ஒண்ணும் எரியாது. ரெண்டு தடவை பாத்துட்டு, "என்ன தம்பி, மெஷின் ஓடலையே?"ன்னு உன்கிட்டயே வந்து கேப்பாரு. அப்ப நீ சிரிக்கக் கூடாது. அதுதான் இதுல கஷ்டமான வேலை.

நோட்டீஸ் மட்டும் ஒட்டிராத. "இந்த இயந்திரம் தனியாருக்குச் சொந்தமானது"ன்னு எழுதி ஒட்டினா, மறுநாள் அதுக்குக் கீழே எவனாவது "அப்ப மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?"னு எழுதுவான். வாட்ஸ்அப் குழுவுலயும் போடாத. அங்கே ஒரு கும்பிடு படம் வரும், ஒரு பொறந்தநாள் வாழ்த்து வரும், உன் பேச்சு அடியில போயிரும்.

அதுக்குப் பதிலா பங்கு கேளு. ஞாயித்துக்கிழமை காலையில ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தட்டி, முகத்தை நல்லாத் தொங்கப்போட்டுக்கிட்டு, "போர் தண்ணி உப்பு ஹீட்டர்ல படிஞ்சு போச்சாம், உப்பு எடுக்கணுமாம், ரப்பரும் மாத்தணுமாம், நாம எல்லாரும் புழங்குற மெஷின்தானே, வீட்டுக்கு இவ்வளவு வருது"ன்னு ஒரு தொகை சொல்லு. மறுநாள்லேருந்து "நாங்க எப்பவோ ஒருக்கதான் தம்பி போட்டோம்"னு ஆறு வீட்டுக்கும் கேக்குற மாதிரிப் பேசுவாக. காசு ஒண்ணும் வராது, அதை எதிர்பாக்காத. வாளி மேல வராது, அதுதான் வரவு.

இன்னொண்ணும் இருக்கு, செய்யுன்னு சொல்லலை. சின்னாளப்பட்டியோ எங்கேயோ வாங்கின புதுச் சிவப்புத் துண்டு ஒண்ணு மெஷின்ல போட்டதுலேருந்து உன் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோசு கலராப் போயிருச்சுன்னு, மாடிப்படியில நின்னு உம் பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் சத்தமாப் புலம்பு. துண்டே வேண்டாம், புலம்பல் போதும். எதிர்வீட்டு சார் அன்னன்னைக்கு வெள்ளை வேட்டி கட்டுறவரு.

கீழ்வீட்டுல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு இருக்கே, அதைத் தடுக்காத. அதுக்குச் செவ்வாக்கெழமை காலையில ஒரு முறை ஒதுக்கு, நம்ம கெணத்துல கால் பங்குக்காரனுக்கு ஒதுக்குன மாதிரி. அந்தப் பொழுதுக்கு நீயே ஸ்விட்சைப் போட்டு விடு. மேல்மாடிப் பசங்களுக்கு ஒண்ணும் குடுக்காத. நாலு பேரு சம்பாதிக்குறான், ஆளுக்குக் கால்வாசி போட்டா ஒரு மெஷின் வந்துரும்.

எல்லாருக்கும் ஒண்ணு மட்டும் கண்டிச்சுச் சொல்லி வை. ஏழு கிலோன்னா காஞ்ச துணிக்கு ஏழு கிலோ. கம்பளி, கனத்த போர்வை, ஜமுக்காளம் இதெல்லாம் உள்ளே போட்டா தண்ணியக் குடிச்சு ஊறி, சுத்தும்போது மெஷின் மாடியவே ஆட்டும். பேரிங் போனது போனதுதான்.

எலக்ட்ரீசியன் வந்துட்டுப் போனதும் ஒரு போன் போடு. பங்குனிப் பொங்கல் முடிஞ்சு நாங்க வாரோம். கல்யாணத்துக்கு விரிச்ச பவானி ஜமுக்காளம் ரெண்டு அழுக்காக் கெடக்கு, கல்லுல அடிக்க எனக்கு இடுப்பு ஒத்துழைக்கலை. உங்க அத்தை இப்பவே சாக்குல கட்டி வச்சுட்டா. அந்தக் குழாய்க் கைப்பிடி எந்த ஆணியில தொங்குதுன்னு மட்டும் அவகிட்டச் சொல்லி வை.